தந்தியின் வாயைப் பொத்தியவர்கள்

கிடார் வாசிக்கிற ஒருவரைப் பார்த்தால் நம் கண் எங்கே போகும்? தந்தியை மீட்டுகிற விரலுக்கு. தப்பில்லை, எல்லோரும் அங்கேதான் பார்ப்போம். அடுத்த முறை ஒரு மாறுதலுக்கு, மீட்டாத விரல்களைக் கவனியுங்கள். இடது கைச் சுட்டுவிரலின் நுனி, பக்கத்துத் தந்தியைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கும். வலது உள்ளங்கையின் ஓரம், தந்திகள் போய் முடிகிற இடத்தில் பூனை மாதிரி படுத்திருக்கும். கட்டைவிரல் ஒரு தடித்த தந்தியின் மேல் சும்மா சாய்ந்திருக்கும். சும்மாவா? இல்லவே இல்லை. அவை எல்லாம் அங்கே போலீஸ் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன!

ஆறு தந்தி. அதில் ஒன்றைப் பேசவைக்க வேண்டும் என்றால் மற்ற ஐந்தின் வாயைப் பொத்த வேண்டும். 'நான் தொடவே இல்லையே, அது ஏன் பேசப்போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். பேசும்! ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

கிடாரின் ஐந்தாவது தந்தி விநாடிக்கு 110 முறை அதிர்கிறது. ஆனால், எந்தத் தந்தியும் ஒரே ஒரு சுரத்தோடு நிற்காது. கூடவே 220, 330, 440 என்று அதன் மடங்குகளையும் மெலிதாகப் பாடிக்கொண்டிருக்கும். இப்போது கடைசியில் இருக்கும் மெல்லிய முதல் தந்திக்கு வாருங்கள். அதன் சுருதி விநாடிக்கு 329.6. ஐந்தாவது தந்தி பாடும் அந்த 330-க்கும் இதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். போதாதா? பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நாகஸ்வரம் கேட்டால் நம் வீட்டுத் தாத்தா தொடையில் தாளம் போடுவாரே, அதுபோல யாரும் தொடாத முதல் தந்தி தானாகவே முனக ஆரம்பிக்கும்.

நம் ஊர் சிதாரில் இதையே காசு கொடுத்து வாங்குகிறோம். 'தரப்' என்று ஒரு டஜன் வாக்கில் மெல்லிய கம்பிகளை அடியில் கட்டி, வாசிக்கும் சுரத்துக்கு அவை கூடவே முனகட்டும் என்று சுருதி கூட்டி வைக்கிறார்கள். சிதார்காரருக்கு அது அலங்காரம். மின்சார கிடார்காரருக்கோ தலைவலி. ஒரே விஞ்ஞானம், இங்கே வரவேற்பு, அங்கே விரட்டல்.

இந்த விரட்டலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ரேடியோ மெக்கானிக் வருகிறார், மடித்த காகிதம் வருகிறது, ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வருகிறது. தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டுகூட வருகிறது!

* * *

மின்சாரம் வருவதற்கு முன்பு இது பெரிய பிரச்னையே இல்லை. காரணம், கிடாரின் குரலே சன்னம். 1920-களில் அமெரிக்க நடன அரங்குகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் முழங்கும்போது, ஓரத்தில் ஒருவர் கிடாரை வைத்துக்கொண்டு கை வலிக்க அடித்துக்கொண்டிருப்பார். அடிப்பது அவருக்கே கேட்காது. அப்புறம் எங்கே மற்ற தந்தியின் முனகல்?

ஜார்ஜ் பீச்சாம் என்ற ஹவாயன் கிடார் கலைஞருக்கு இது பொறுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நோண்டினார். 1931-ல் ஒரு கருவி தயார். வட்டமான உடம்பு, நீளமான கைப்பிடி. பார்த்தவர்கள் 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவரின் கூட்டோடு 1932-ல் அது விற்பனைக்கு வந்தது. தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலையும். அந்தக் கலக்கம் சுருளில் மின்சாரமாகும். அது பெட்டியில் பெரிய சத்தமாகும். பிக்கப் என்கிறார்களே, அது இதுதான்.

கிடாருக்குக் குரல் வந்துவிட்டது. கூடவே தொல்லையும் வந்துவிட்டது. ஒட்டுக்கேட்கிறவனுக்கு நல்ல பேச்சு, கெட்ட பேச்சு என்ற பாகுபாடு உண்டா என்ன? பிக்கப்பும் அப்படித்தான். வாசிக்கிற சுரம், விரல் உராய்கிற சத்தம், பக்கத்துத் தந்தியின் முனகல், சுவரில் ஓடும் மின்கம்பியின் ரீங்காரம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்க் கொட்டியது.

தொல்லையை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது.

முதலாவது, 'ம்ம்ம்...' என்ற மின்சார ரீங்காரம். அமெரிக்காவில் விநாடிக்கு 60, நம் ஊரில் 50. இதைத் தந்தியைப் பொத்தி நிறுத்த முடியாது. கிப்ஸன் கம்பெனி எஞ்சினீயர் ஸெத் லவர் ஒரு தந்திரம் செய்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. ஒன்றுக்கு ஒன்று எதிர்த்திசை. ரீங்காரம் ஒன்றில் ஏறும்போது இன்னொன்றில் இறங்கும், கூட்டினால் பூஜ்யம்! காந்தங்களையும் தலைகீழாக வைத்ததால், தந்தியின் சத்தம் மட்டும் அடிபடாமல் இரண்டு மடங்காகச் சேர்ந்தது. 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959-ல் வாங்கினார். 'ஹம்பக்கர்' என்று இன்றைக்கும் கடையில் விற்கிறார்கள்.

இரண்டாவது, 'கூ...' என்ற ஊளை. ஸ்பீக்கரின் சத்தம் கிடாரின் உள்ளீடற்ற உடம்பை அதிரவைக்க, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, சுற்றிச் சுற்றி வரும் ஓலம். கல்யாண மண்டபத்து மைக்கில் கேட்டிருப்பீர்களே, அதேதான். மருந்து? வயிறு காலியாக இருப்பதால்தானே தொல்லை, வயிறே வேண்டாம் என்றார்கள். 1940 வாக்கில் லெஸ் பால் என்ற கலைஞர் நாலுக்கு நாலு இன்ச் மரக்கட்டையில் தந்தியைக் கட்டி வாசித்துக் காட்டினார். கிப்ஸன் கம்பெனி அப்போது சிரித்தது. 1952-ல் அவர் பெயரிலேயே கிடார் விற்றது.

மூன்றாவது, விரல் நகரும்போது எழும் 'க்ரீச்'. நான்காவது, கேட்காமலேயே பேசும் தந்தி. இந்த இரண்டும்தான் கையோடு சம்பந்தப்பட்டவை. நம் கதையும் இவற்றைப் பற்றியதுதான்.

* * *

லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் உலகத்தையே புரட்டிப் போட்ட இந்த மனுஷனுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது விசேஷம்!

1951-ல் அவர் ஒரு மின்சார பேஸ் கிடாரை வெளியிட்டார். பெயர், ப்ரெஸிஷன் பேஸ். அதுவரை பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு நிற்கும் மர வயலின்தான். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். ஆனால் அதன் ஓசையில் ஒரு குணம் உண்டு. 'தும்' என்று ஒலித்து உடனே அடங்கிவிடும். லியோவின் கிடாரிலோ இரும்புத் தந்தி. 'டொய்ங்ங்ங்...' என்று இழுத்துக்கொண்டே போகும். அடுத்த சுரம் வரும்போது முந்தின சுரம் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தால் எப்படி?

லியோ யோசித்தார். தந்திகள் முடிகிற இடத்தில், அதாவது பிரிட்ஜின் மேல், ஒரு பளபளப்பான உலோக மூடி போட்டார். மூடியின் உட்புறத்தில் ரப்பர் மாதிரி ஒரு பட்டையை ஒட்டினார். மூடியை மாட்டினால் பட்டை தந்திகளின் மேல் மெத்தென்று அமரும். 'டொய்ங்' போய் 'தும்' வந்துவிடும். கூடவே, மீட்டாத தந்திகளின் முனகலும் காலி. பின்னாளில் ரப்பருக்குப் பதில் ஸ்பாஞ்ச் வந்தது.

லியோ அதோடு விடவில்லை. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஸ்பிரிங்கில் ஏறி நிற்கும் கம்பளித் துணுக்குகள். 1962-ல் வந்த ஜாகுவார் கிடாரில், தட்டினால் எழுந்து தந்திகளைத் தொடும் ரப்பர் தகடு. கம்பெனியை விற்றுவிட்டு மியூஸிக் மேன் என்ற வேறு கம்பெனிக்குப் போன பிறகும், 1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸில் திருகு வைத்து ஏற்றி இறக்கும் ஸ்பாஞ்ச். கால் நூற்றாண்டு, நான்கு முயற்சிகள்.

போட்டி கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதல் முறையாக அமெரிக்க டி.வி-யில் தோன்றியபோது 7 கோடிக்கும் அதிகமான பேர் பார்த்தார்கள். அன்று ஜார்ஜ் ஹாரிஸன் கையில் இருந்தது க்ரெட்ச் கம்பெனியின் கன்ட்ரி ஜென்டில்மேன். அந்த மாடலிலும் தந்தியை அடக்க ஓர் ஏற்பாடு உண்டு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் திருகினால் மெத்தை எழுந்து தந்திகளை அமுக்கும்.

இத்தனையும் என்ன ஆயிற்று தெரியுமா? வாங்கியவர்களில் பெரும்பாலானோர் கழற்றிப் போட்டார்கள்! லியோவின் உலோக மூடிக்கு 'சாம்பல் கிண்ணம்' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. கழற்றிய மூடியைக் கவிழ்த்து வைத்து அதில் சிகரெட் சாம்பலைத் தட்டினார்கள்.

அப்படி என்ன கோபம்? லியோ மூடி போட்ட இடம்தான் கிடார்காரனின் உள்ளங்கை படுக்கிற இடம். அங்கே கையை வைத்தால் தந்தி அடங்கும், எடுத்தால் முழங்கும். லேசாக வைத்தால் ஒரு சத்தம், அழுத்தினால் இன்னொரு சத்தம். ஒரே பாட்டில், ஒரே வரியில், நொடிக்கு நாலு தரம் மாற்றலாம். கென்டக்கியில் மெர்ல் டிராவிஸ், அவரைக் கேட்டு வளர்ந்த செட் அட்கின்ஸ் போன்றவர்கள் இந்த உள்ளங்கையை வைத்தே ஒரு பாணியை உண்டாக்கியிருந்தார்கள். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் 'தும் தும்' என்று தாளம் போடும். அதை உள்ளங்கை அடக்கிவைக்கும். மற்ற விரல்கள் மேல் தந்திகளில் சுதந்திரமாக மெட்டுப் பாடும். ஒரு கை, இரண்டு ஆள் வேலை. இப்படிப்பட்டவனிடம் போய், 'இந்தா, மெஷின் அடக்கித் தரும்' என்றால்? வாசிக்கத் தெரியாத லியோவுக்கு இது எட்டாமல் போனதில் ஆச்சரியமில்லை. மெஷினுக்கு அடக்கத் தெரியும். எப்போது விட வேண்டும் என்று தெரியாது.

* * *

அடக்கிய சத்தமே புதுச் சத்தமான கதை ஒன்று உண்டு. 1956, மெம்ஃபிஸ் நகரம், ஸன் ஸ்டூடியோ. ஜானி கேஷ் என்ற இளைஞர், கூடவே இரண்டே பேர். ஒருவர் மின்சார கிடார், ஒருவர் பேஸ். டிரம்ஸ் கிடையாது. அந்தக் காலத்து கன்ட்ரி இசை மேடைகளில் டிரம்ஸுக்கு அவ்வளவாக மரியாதையும் கிடையாது.

கேஷ் என்ன செய்தார்? ஒரு காகிதத்தை மடித்துத் தன் கிடாரின் தந்திகளுக்கு இடையே மேலும் கீழுமாகப் பின்னிச் செருகினார். ஸ்வரம் செத்துவிட்டது. ஆனால், அடித்தால் 'சக் சக்' என்று டிரம்ஸின் சின்னப் பிரஷ் உரசுவதுபோல ஒரு சத்தம்! பக்கத்தில் லூத்தர் பெர்க்கின்ஸ் தன் கிடாரை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு 'டொக் டொக்' என்று வாசித்தார். ரயில் ஓடுவது மாதிரி இருந்தது. 'ஐ வாக் த லைன்' என்ற அந்தப் பாட்டு அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. டிரம்ஸ்காரருக்குச் சம்பளம் மிச்சம்.

ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த ஜிம்மி நோலன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1965-ல் வந்த பிரவுனின் பாட்டுகளைக் கேளுங்கள். இடது கையைத் தந்திகளின் மேல் அழுத்தாமல் சும்மா போர்த்திக்கொண்டு, வலது கையால் 'சிக்கு சிக்கு' என்று கீறுவார். கோழி தரையைக் கீறுவது மாதிரி இருக்கிறது என்று அந்தப் பாணிக்குக் கோழியின் பெயரையே வைத்தார்கள். வேண்டாத சத்தம் என்று எதை விரட்டினார்களோ, அதுவே தாளமாகி ஃபங்க் என்ற இசைக்கு முதுகெலும்பு ஆனது.

* * *

எல்லோரும் மூடியைக் கழற்றிப் போட்டார்கள் என்றேன் இல்லையா? ஒருவர் போடவில்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். 1936-ல் தெற்கு கரோலினாவில் பிறந்தவர். 1954-ல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். அங்கே ஒரு வீட்டில் மோட்டவுன் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடம். 'பாம்புக் குழி' என்பது அதற்கு வாத்தியக்காரர்கள் வைத்த செல்லப்பெயர். எங்கே பார்த்தாலும் ஒயர்களாக நெளிந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஜேமர்ஸன் முதலில் பெரிய மர பேஸ் வாசித்தவர். மின்சாரத்துக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வலது கையில் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே வாசிப்பார். அதற்கு 'கொக்கி' என்று பெயர். 1962 மாடல் ப்ரெஸிஷன் பேஸ். அதில் மொத்தமான, வழுவழுப்பான தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார்! அழுக்கு ஏறினால்தான் சத்தம் நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி. உலோக மூடி அப்படியே இருந்தது. அதற்குள்ளே ஸ்பாஞ்ச்.

அந்த ஸ்பாஞ்ச் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். லியோ ஆசைப்பட்ட அதே வேலைதான். 'தும்' என்று பிறந்து உடனே அடங்கும் ஓசை. ஆனால், சுரம் சீக்கிரம் சாகிறது என்றால் அடுத்த சுரத்துக்கு இடம் காலியாகிறது என்று அர்த்தம். ஜேமர்ஸன் அந்தக் காலி இடத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் நாலு சுரம் வாசிக்கும் இடத்தில் எட்டு, பத்து என்று துள்ளித் துள்ளி ஓடினார். ஒன்றோடு ஒன்று மோதவே இல்லை. ஸ்பாஞ்ச் இல்லாமல் அதே வாசிப்பை வாசித்திருந்தால் சந்தைக்கடைதான். 1964-ல் 'மை கேர்ள்' பாட்டின் ஆரம்பத்தில் தனியாக வரும் பேஸைக் கேளுங்கள். இரண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கும் மௌனத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, உலகமே ஆடிய அந்தப் பாட்டுகளின் உறையில் ஜேமர்ஸன் பெயர் இருந்ததா? இல்லை. பாடகர் படம் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். வாத்தியக்காரர்கள் பெயர் போடும் வழக்கமே கிடையாது. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அவர் பெயர் அச்சில் வந்தது. அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அடுத்த ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்ஸனும் பின்னாலேயே போனார்.

அங்கே நிலைமை வேறு. புதுப் பாட்டுகளுக்குப் பளிச்சென்ற, கணீரென்ற பேஸ் கேட்டார்கள். புதுத் தந்தி போடு, ஸ்பாஞ்சை எடு என்ற காலம் வந்துவிட்டது. ஜேமர்ஸன் மாறவில்லை. குடி வேறு. வாய்ப்புகள் குறைந்தன.

1983 மார்ச்சில் மோட்டவுன் கம்பெனியின் 25-வது ஆண்டு விழா. மைக்கேல் ஜாக்ஸன் முதல் முறையாக 'மூன்வாக்' நடை நடந்து காட்டிய அதே மேடை. அந்த விழாவில் ஜேமர்ஸன் மேடையில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு, பார்வையாளர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். சில மாதங்களில் உடம்பு படுத்துவிட்டது. அந்த நாட்களில்தான் அவருடைய 1962 பேஸ், அழுக்குத் தந்தியும் ஸ்பாஞ்சும் மூடியுமாக, திருடுபோனது. அவர் கண்ணை மூடும்வரை திரும்பவில்லை. 1983 ஆகஸ்ட் 2. வயது 47.

2000-ம் ஆண்டில், பின்னணியில் வாசித்தவர்களுக்கென்று அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ஒரு தனிப் பிரிவு தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே ஜேமர்ஸன் பெயர் இருந்தது. 2002-ல் அவரையும் அவருடைய கூட்டாளிகளையும் பற்றி ஆவணப்படம் வந்தது. இன்றைக்கு பேஸ் கற்கிற பிள்ளைகள், கிடார் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும் ஸ்பாஞ்சைக் கிழித்துத் தந்திக்கு அடியில் செருகிக்கொண்டு, 'ஜேமர்ஸன் சத்தம் வருதா பாரு' என்கிறார்கள்.

* * *

கிடாருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. பெட்டியில் குமிழைத் திருகித் திருகிச் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பாணி வந்தது. டிஸ்டார்ஷன் என்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய சத்தத்துக்கு ஒரு கூரை போட்டுவிட்டு, சின்னச் சத்தத்தை மட்டும் அந்தக் கூரை வரை தூக்கிவிடும். அதாவது, நீங்கள் வாசித்த சுரமும் தெரியாமல் உரசிய விரலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வந்து நிற்கும்! கை சுத்தமில்லாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் இன்னொரு வித்தையும் பரவியது. வலது கை விரல்களையும் கிடாரின் கழுத்துக்குக் கொண்டுவந்து தந்தியைத் தட்டி வாசிப்பது. இதற்காகவே எம்மட் சாப்மன் 1974-ல் 'ஸ்டிக்' என்று தனி வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1978-ல் எடி வான் ஹேலன் 'இரப்ஷன்' வாசித்ததும், ஊரில் இருக்கிற பையன்கள் எல்லாம் தட்ட ஆரம்பித்தார்கள். அட்டகாசம்தான். ஆனால், இரண்டு கையும் தட்டப் போய்விட்டால் போலீஸ் வேலையை யார் பார்ப்பது?

ஜெனிஃபர் பேட்டன் ஒரு வழி கண்டார். 1987 முதல் மைக்கேல் ஜாக்ஸனின் உலகச் சுற்றுப்பயணத்தில் கிடார் வாசித்தவர். கிடாரின் கழுத்துத் தொடங்கும் இடத்தில், தந்திகளின் மேல் மெத்தை வந்து அமர்கிற மாதிரி ஒரு சின்னக் கருவி. மைக்கேல் ஏஞ்சலோ பாட்டியோ என்ற வேகப்புயலும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் துணி கட்டினார்கள், சாக்ஸ் கட்டினார்கள். தலைமுடிக்குப் போடும் துணி சுற்றிய ரப்பர் பேண்டை எடுத்துக் கிடாரின் கழுத்தில் மாட்டினார்கள். வேலை கச்சிதமாக நடந்தது! பிறகு, பட்டையும் வெல்க்ரோவுமாக அதையே அழகாகத் தைத்துக் கம்பெனிகள் விற்க ஆரம்பித்தன. 'ஃப்ரெட் ராப்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்வது நல்லது. விரல் அழுத்தும் இடத்துக்குப் பின்னால் கிடக்கும் தந்தியையும், தொடாத தந்தியையும் அடக்கும். ஆனால் திறந்த தந்தி ஒலிக்க வேண்டிய பாட்டில் உபயோகமில்லை. விரலின் 'க்ரீச்'சுக்கும் மின்சார ரீங்காரத்துக்கும் இது மருந்தல்ல.

'நாய்ஸ் கேட்' என்ற பெட்டியும் அப்படித்தான். பாஸ் கம்பெனியின் என்.எஸ். 2, 1987-லிருந்து பிரபலம். பெயருக்கேற்ற வாட்ச்மேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சத்தம் போனால் கதவைச் சாத்திவிடும். வாசிப்பை நிறுத்தியதும் நிசப்தம், ஜோர். ஆனால் வாசிக்கும்போது கதவு திறந்துதானே இருக்கும்? சுரம் உள்ளே போகும்போது முனகலும் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடும்.

கிடார் வாத்தியார்கள் மத்தியில் இது ஒரு ஓயாத சண்டை. 'பேண்டு மாட்டி வாசிக்கிறது ஏமாத்து வேலை' என்பார் ஒருவர். 'ரெக்கார்டிங்ல சுத்தமா வரணும், அதான் முக்கியம்' என்பார் இன்னொருவர். எனக்குத் தோன்றுவது இது. ஜெனிஃபர் பேட்டன் கருவி செய்தது, அடக்கத் தெரியாமல் அல்ல. அடக்கும் கைகளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டதால். ஜேமர்ஸனின் ஸ்பாஞ்சும் அதேபோலத்தான். தெரிந்தவன் கையில் அது கருவி. தெரியாதவன் கையில் அது முக்காடு.

* * *

மிச்சம் இருப்பது அந்த 'க்ரீச்'. தடித்த தந்தி என்பது நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. சீப்பின் மேல் நகத்தை இழுத்தால் சத்தம் வருமே, அதுதான் விரல் நகரும்போதும் நடக்கிறது. தட்டையான கம்பியைச் சுற்றினால் மேடு பள்ளம் குறையும், சத்தமும் குறையும். அதுதான் ஜேமர்ஸன் போட்ட வழுவழுப்புத் தந்தி. ஜாஸ் கலைஞர்கள் பலருக்கும் அதுதான் பிடித்தம். தந்தியில் தடவ வழவழப்பு மருந்தும் உண்டு. நம் வீணை வித்வான்கள் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் வைத்துக்கொண்டு விரலைத் தொட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கமகம் இழுக்க விரல் வழுக்க வேண்டுமே! இவற்றையெல்லாம்விட மலிவான வைத்தியம், இடம் மாறும்போது விரலை ஒரு நூல் அளவு தூக்கிவிட்டு மாறுவது.

இத்தனை பேர், இத்தனை வருஷம் விரட்டிய இந்த 'க்ரீச்' கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1991-ல் மின்னணு இசைக்கருவிக் கம்பெனிகள் கூடி, 'ஜெனரல் மிடி' என்று 128 ஓசைகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டன. பியானோ, வயலின், புல்லாங்குழல், சிதார்கூட உண்டு. அந்தப் பட்டியலில் 29-வது, உள்ளங்கையால் அடக்கி வாசித்த கிடார். 121-வது என்ன? கிடாரில் விரல் உராய்கிற சத்தம்! கம்ப்யூட்டர் கிடார் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக வாசித்தது. கேட்டவர்களுக்கு மனிதன் வாசித்த மாதிரி இல்லை. அதனால் அழுக்கை மேலே கொஞ்சம் தூவிக்கொள்ள வழி செய்துவைத்தார்கள்.

உங்கள் வீட்டில் கீபோர்டு இருந்து, அதில் ஜெனரல் மிடி முத்திரையும் இருந்தால் 121-ஐ அழுத்திப் பாருங்கள். பிறகு 29-க்கு வாருங்கள். ஒன்று, கிடார்காரர்கள் மறைக்கப் பாடுபட்ட சத்தம். மற்றது, மறைப்பதற்கென்றே கற்றுக்கொண்ட கையின் சத்தம். இரண்டுக்கும் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது.

வீட்டில் பிள்ளை கிடார் கற்றுக்கொண்டிருந்தால், 'எவ்வளவு வேகமா வாசிக்கிறே?' என்று கேட்காதீர்கள். ஒரு சுரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதும் அறையில் ஒரு முனகலும் மிச்சமில்லை என்றால், நல்ல வாத்தியாரிடம்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.